அன்னாசி இலைச் சட்டை

கேள்வி: பிலிப்பைன்ஸ் போய்வந்த என் மைத்துனர், அன்னாசி இலையில் நெய்த சட்டை என்று ஒன்றைப் போட்டுக்கொண்டு அலட்டுகிறார். நம்பலாமா?

பதில்: மைத்துனரை நம்புவது உங்கள் குடும்ப விஷயம். சட்டையை நம்பலாம்.

அங்கே அக்லான் மாகாணத்துக் கலிபோ இதற்குப் பேர்போன ஊர். அன்னாசியின் நீள இலையைப் பலகையில் கிடத்தி, உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் சுரண்டுகிறார்கள். முதலில் வருவது முரட்டு நார். அப்புறம் தேங்காய்ச் சிரட்டையால் வழித்தால், தலைமுடி போல மெல்லிய நார் வெளிவரும். இலையின் நீளத்துக்கு மேல் நார் நீளாதே! ஆகவே ஒவ்வோர் இழையையும் அடுத்ததோடு கையாலேயே முடிச்சுப் போட்டு, முடிச்சின் வாலை நறுக்கி, பிறகுதான் தறிக்கு அனுப்புகிறார்கள். விலையைக் கேட்டு மயங்குகிறவர்கள் அந்த முடிச்சுகளை எண்ணிப் பார்க்கலாம்.

துணி கண்ணாடி மாதிரி. உள்ளே பனியன் கட்டாயம். 'பாரோங் தகலோக்' என்ற அந்த நாட்டுச் சட்டைக்கு மவுசு அதிகம். 1953இல் மக்சய்சய் அதிபராகப் பதவியேற்றபோது, கோட்டை ஒதுக்கிவிட்டு பாரோங்கில்தான் வந்தார். அக்லான் நெசவை 2023இல் யுனெஸ்கோவும் பட்டியலில் சேர்த்துவிட்டது.

நாமும் லேசுப்பட்டவர்களில்லை. பூக்கட்டும் வாழைநாரும் இலையின் அடிமடல்தான். அனகாபுத்தூரில் அதையே சேலையாக நெய்கிறார்கள்.

மைத்துனர் அசந்த நேரத்தில் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குட்டி முடிச்சுகள் தெரிந்தால் சரி. வழவழவென்று ஒரே சீராக இருந்தால் பாலியெஸ்டராக இருக்கலாம். அதை அவரிடம் யார் சொல்வது என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.