வெண்கொற்றக்குடைச் சிறப்பு

மழையில் நனையாமல் இருக்க வேண்டும், வெயிலில் வேகாமல் இருக்க வேண்டும் என்பவை எளியோர் கூரையிடம் எதிர்பார்க்கும் அற்ப உதவிகள். ஓட்டு வீட்டின் கூரையும் டவுன் பஸ்ஸின் கூரையும் ஆட்டோவின் ரெக்சின் கூரையும் அந்த அற்ப உதவியை நாள் தவறாமல் செய்துவிட்டு, ஒரு புகழ்மொழிக்கும் வழியில்லாமல் கிடக்கின்றன. மாரனெல்லோவிலும் ஸ்டுட்கார்ட்டிலும் மோல்ஷைமிலும் வீற்றிருந்து ஸ்போர்ட்ஸ் கார் சமைக்கும் பெருந்தகைகளோ கூரையை அந்தக் கூலி வேலையிலிருந்து விடுவித்து அரியணையில் ஏற்றியவர்கள். அவர்களுடைய திருப்பணியை நாவாரப் பாடாதவர் நன்றி கெட்டவர்.

முதல் வணக்கம் புகாட்டி வேரோன் கிராண்ட் ஸ்போர்ட்டுக்கு. 2008இல் அமெரிக்காவின் பெபிள் பீச்சில் உலகுக்குத் தரிசனம் தந்த இந்தத் தேருக்கு 1001 குதிரைகளின் ஆற்றல். அப்போது வரி நீங்கலாக 14 லட்சம் யூரோ விலை. இவ்வளவு கொடுக்கும் வள்ளலை ஒற்றைக் கூரையோடு அனுப்புவது மரியாதையாகாது என்று கருதி இரண்டு கூரைகளை அருளினார்கள். முதலாவது பாலிகார்பனேட்டில் வார்த்த, ஒளி ஊடுருவும் கெட்டிக் கூரை. அது தலைமேல் இருக்கும்போது வண்டி மணிக்கு 407 கிலோமீட்டர் பாயும். கழற்றினால் வைத்துக்கொள்ள வண்டிக்குள் இடம் கிடையாது என்பதே அதன் தலையாய அழகு. ஆகவே அதைக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் உலா கிளம்ப வேண்டும். உரிமையாளர் காலையில் வாசலுக்கு வந்து, கையை நெற்றியில் வைத்து, வானத்தை நிமிர்ந்து பார்க்கிறார். உழவர்களுக்கு அடுத்தபடியாக மேகத்தை இத்தனை பயபக்தியோடு வாசிக்கும் கலையை ஐரோப்பியக் கோடீஸ்வரர்களிடையே வளர்த்த ஒரே நிறுவனம் புகாட்டி. அதற்கு வேளாண் பல்கலைக்கழகங்கள் பட்டம் வழங்கியிருக்க வேண்டும்.

வாசித்த மேகம் பொய்த்து நடுவழியில் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? அதற்குத்தான் இரண்டாம் கூரை. அது குடை. உவமை நயத்துக்காகச் சொல்லவில்லை. குடையின் அமைப்பைப் பின்பற்றி, குடைபோலவே விரித்து மாட்டும்படி செய்த துணிக் கூரை அது. மூவேந்தர்களின் வெண்கொற்றக்குடை நிழலில் மண்ணெல்லாம் குளிர்ந்தது என்று புலவர்கள் பாடினார்கள். ஆனால் குடையை விரித்துக்கொண்டு எவ்வளவு வேகத்தில் தேரோட்டலாம் என்று ஒரு வேந்தனும் வரையறுக்கத் துணியவில்லை. புகாட்டி துணிந்தது: குடை விரித்தால் 130 கிலோமீட்டர், அதற்கு மேல் கூடாது. தூறல் விழுந்த கணத்தில் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு விடுப்பளிக்கும் இந்த ஜீவகாருண்யத்தை வேறு எந்தத் தேர்ச்சாலையில் காண முடியும்?

இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கூரையே இல்லாமல் ஓட்டினால் 369 வரை செல்ல அனுமதி. கூரையற்ற வண்டிக்கு 369, குடையேறிய வண்டிக்கு 130. மழையைத் துணியால் வெல்வதா, வேகத்தால் வெல்வதா என்ற முடிவை வாடிக்கையாளரின் வீரத்துக்கே விட்டுவிட்ட பெருந்தன்மையை என்னென்று சொல்வது! கண்டிப்பான அதிகாரிகள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில், 14 லட்சம் யூரோ வாங்கிக்கொண்டு இவ்வளவு சுதந்திரம் கொடுப்பவர்கள் அரிது.

புகாட்டிக்கு வழிகாட்டிய முன்னோர்களையும் மறக்கலாகாது. 2004இல் சாந்தாகாட்டாவிலிருந்து புறப்பட்ட லம்போர்கினி முர்சியேலாகோ ரோட்ஸ்டர் மணிக்கு 320 கிலோமீட்டரைத் தொடும் காளை. அதன் துணிக் கூரையைக் கையால்தான் பூட்ட வேண்டும். பூட்டிய பிறகு 160ஐத் தாண்டலாகாது. மோட்டாரும் விசையும் இல்லாத அந்தக் கூரை, பணியாளர் சூழ வாழும் செல்வந்தரைக் கொட்டும் மழையில் சாலையோரத்தில் இறக்கி, தம் கையாலேயே உழைக்க வைத்தது. ஞானிகள் எத்தனையோ நூற்றாண்டுகளாகப் போதித்தும் கைகூடாத சமத்துவம் அது. ஈரத் துணியும் கம்பியும் கையில் ஏந்தி, எதை எதில் செருகுவது என்று தெரியாமல் நிற்கும் அந்தக் கோலத்தில் அவருக்கும் சாலைப் பணியாளருக்கும் வேற்றுமை காண இயலுமா? இயலும். சாலைப் பணியாளரிடம் மழைக்கோட்டு இருக்கும்.

அதற்கும் முன்னே, பினின்ஃபரீனா நிறுவனத்தின் எழுபதாம் ஆண்டைக் கொண்டாட 2000இல் ஃபெராரி பெருமான் படைத்தருளிய 550 பார்க்கெட்டாவின் கதை நெஞ்சை உருக்குவது. முதலில் 444 வண்டிகள் செய்வதாக எண்ணம். ஜப்பானில் நான்கு ஆகாத எண் என்று தெரிந்ததும் மனம் பதைத்து 448 ஆக்கினார்கள். ஓர் எண் தரக்கூடிய தீங்குகூட வாடிக்கையாளரைத் தொடக் கூடாது என்று எவ்வளவு பரிவு! மழை தரக்கூடிய தீங்குக்கு மட்டும், கையால் மாட்டும் மெல்லிய துணி ஒன்றைக் கொடுத்து, மணிக்கு 113 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம் என்று அறிவுரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வண்டியோ 300 போகக்கூடியது. எண்சோதிடத்துக்குப் போன கவனத்தில் கொஞ்சம் மிஞ்சியது மழைக்குப் போயிற்று என்று கொள்ள வேண்டும்.

கூரையை வீட்டில் விட்டுவரும் மரபு இன்னும் பழையது. 1961இல் ஆங்கிலேயர் படைத்த ட்ரையம்ஃப் டிஆர்4இன் உலோகக் கூரைத் தகட்டுக்கும் வண்டிக்குள் இடம் இல்லை. வழிச் செலவுக்கென்று வேறொரு துணியைத் தந்தார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 2009இல், அமெரிக்காவின் பாண்டியாக் சால்ஸ்டிஸ் கூபே வந்தது. கழற்றிய கூரை அதன் டிக்கியிலும் நுழையவில்லை. இடையில் மனிதன் நிலவில் நடந்தான், கணினியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மரபைக் காப்பதில் உறுதி பூண்ட கார் வித்தகர்கள் மட்டும் அளவுநாடாவைத் தொடவே இல்லை.

ஸ்டுட்கார்ட்டுக்கு வருவோம். போர்ஷே 911 டார்காவின் தோற்றமே ஒரு தியாக வரலாறு. அமெரிக்கா திறந்த கூரை கார்களுக்குத் தடை போட்டுவிடும் என்று ஒரு பேச்சு அறுபதுகளில் அடிபட்டது. உடனே, தலைக்குப் பின்னால் தடித்த எஃகு வளைவு ஒன்றை எழுப்பி, 1965இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் டார்காவை நிறுத்தினார்கள். அந்தத் தடை வரவே இல்லை. பிறக்காத சட்டத்துக்கு இவ்வளவு பணிவோடு அடங்கி நடந்த குடிமகனை வேறெந்த நாடும் பெற்றதில்லை. சட்டம் வரவில்லை என்று தெரிந்த பிறகும் வளைவை இறக்கவில்லை. இறக்கினால் அதற்குத் தனி விலை வாங்க முடியாதல்லவா!

2014இல் அந்த வளைவு அடைந்த ஏற்றத்தைச் சொல்ல ஆதிசேடனின் நாவு வேண்டும். விசையை அழுத்தியதும் பின்பக்கக் கண்ணாடிக் கூடு முழுவதும் தேர்ச் சிகரம்போல மேலே எழுந்து பின்னால் நகர்கிறது. வளைவின் தோள்கள் திறந்து மூடிக்கொள்கின்றன. இத்தனை ஆரவாரத்துக்கும் இடையே தலைக்கு மேலிருந்த ஒரு சிறு துணிப் பலகை நழுவிப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. அந்தப் பலகையை நகர்த்தத்தான் இந்தக் கும்பாபிஷேகம். ஆகும் நேரம் 19 நொடி. வண்டி நின்றாக வேண்டும். எழும்பிய கண்ணாடி பம்பரையும் தாண்டிப் பின்னால் நீளுவதால் அங்கே சுவரோ தூணோ இருக்கிறதா என்று சென்சார் முதலில் துழாவிப் பார்க்கும். இருந்தால் திருக்காட்சி கிடையாது. அதே கொட்டகையில் பிறந்த 911 கேப்ரியோலே மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே கூரை முழுவதையும் கழற்றிக்கொள்ளும். பரபரப்பான அந்தத் தங்கையிடம் இல்லாத பொறுமை டார்காவிடம் இருக்கிறது. சிக்னலில் பச்சை விழுந்து பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பதெல்லாம் நாதசுரமாகக் கேட்கும் மன உயரத்தை அடைந்தவர்களுக்கே அது வாய்க்கும். திறந்து ஓட்டும்போது, வேகம் கூடக் கூட, காதுக்குப் பின்னால் காற்று முரசு கொட்டும். வேந்தர் உலா முரசில்லாமலா நடக்கும்?

பி.எம்.டபிள்யூ. அரசமரபில் எம்3 என்னும் ஒரே பெயரை இரண்டு இளவரசர்களுக்குச் சூட்டினார்கள். கூபே இளவரசனுக்குக் கார்பன் ஃபைபர் கூரை. சில கிலோ எடை குறையும், அதுவும் வண்டியின் உச்சியில் குறையும், ஆகவே வளைவுகளில் வண்டி இன்னும் உறுதியாக நிற்கும் என்று விரிவாக ஓதினார்கள். 2008இல் வந்த கன்வர்ட்டிபிள் இளவரசனுக்கு மூன்றாக மடியும் எஃகுக் கூரையும் அதை மடிக்கும் இயந்திரங்களும். மொத்தத்தில் சுமார் 200 கிலோ கூடுதல். கிலோ ஒவ்வொன்றும் பகை என்று ஒரு பக்கத்திலும் 200 கிலோ ஒன்றும் செய்யாது என்று மறுபக்கத்திலும் ஒரே விலைப்பட்டியலில் அச்சிட்டு, இரண்டுக்கும் காசு வாங்கிய சமநோக்கு அத்வைதிகளுக்குக்கூட எளிதில் கைகூடாது.

ஃபெராரியின் மாரனெல்லோ 2005இல் இன்னோர் அற்புதம் செய்தது. 575 சூப்பரமெரிக்கா என்னும் வண்டிக்கு, லியோனார்டோ ஃபியோரவந்தியின் சிந்தையில் உதித்த கண்ணாடிக் கூரை. ஒரே அச்சில் 180 பாகை சுழன்று, 10 நொடியில் டிக்கியின் மேல் மல்லாந்து படுத்துவிடும். மின்சாரம் பாய்ச்சினால் கண்ணாடி கறுக்கும், வெளுக்கும். உச்சி வெயிலில் கண்ணாடிக்குக் கீழே அமர்ந்து, அது மெல்ல மெல்லக் கறுப்பதை வியர்வை வழியத் தரிசிக்கலாம். வெயில் வேண்டாமென்றால் தகரம் போட்டால் போதுமே என்பவர்களுக்குத் தரிசனம் என்றால் என்னவென்றே தெரியாது. 559 வண்டிகளே செய்தார்கள். வெயிலில் கண்ணாடிப் பந்தல் போட்டுக்கொள்ளும் மேதைகள் உலகில் அதற்கு மேல் ஒருவராவது இருப்பார் என்று கணக்கிட்டே, ஏங்கவிடுவதற்காக நிறுத்தினார்களாம்.

2011இல் வந்த ஃபெராரி 458 ஸ்பைடரோ அடக்கத்தின் வடிவம். அதன் அண்ணன் கூபேயில் எஞ்சினைக் கண்ணாடிக்குள் வைத்து, கோயில் மூலவரைப்போல வழிப்போக்கரும் கும்பிட்டுப் போக விட்டிருந்தார்கள். ஸ்பைடரில் 14 நொடியில் மடியும் கூரைக்கு அந்த இடம் தேவைப்பட்டது. மூலவர் திரைக்குள் போய்விட்டார். வானம் இலவசமாகக் கிடைக்கும் பொருள். அதைப் பார்க்கும் பாக்கியத்துக்காக, விலை கொடுத்து வாங்கிய எஞ்சினைப் பார்க்கும் பாக்கியத்தைத் துறக்கவும், துறந்ததற்காகக் கூபேயைவிடக் கூடுதலாகச் செலுத்தவும் இசைந்த பக்தர்களின் தாள் பணிவோம்.

இத்தனை தவத்துக்கும் சிகரமாக, கூரையிடமிருந்து முற்றும் விடுபட்ட வண்டிகள் அவதரித்தன. 2009இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்எல்ஆர் ஸ்டர்லிங் மாஸ்: கூரை இல்லை, முன்கண்ணாடியும் இல்லை, செய்தவை 75, விலை 7,50,000 யூரோ. மணிக்கு 350 கிலோமீட்டர் போகும் வண்டியில் ஒரு தும்பியை நேருக்கு நேர் சந்திக்கும் பேறு அந்த 75 பேருக்கே உரியது. 2018இல் ஃபெராரி மோன்சா எஸ்பி1, எஸ்பி2 வந்தன. அங்கும் அதே துறவு. தலைக்கவசம், கையுறை, உடை எல்லாம் லோரோ பியானா, பெர்லுட்டி என்னும் உயர்குலத் துணி, தோல் வல்லுநர்களைக்கொண்டு செய்து தந்தார்கள். வண்டிக்குப் போட வேண்டிய கூரையை வாடிக்கையாளரின் மண்டைக்கே போட்டுவிட்ட சிக்கனம் போற்றுதற்குரியது.

அடுத்து மெக்லாரன் எல்வா. கூரையும் முன்கண்ணாடியும் இல்லாத அந்த வண்டியின் மூக்கில் காற்றை உள்வாங்கி, ஓட்டுபவருக்கு முன்னால் மேல்நோக்கிப் பீய்ச்சி, காற்றாலேயே காற்றைத் தடுக்கும் அரிய பொறியை அமைத்தார்கள். வேகமாகப் போனால் அது காக்கும். சிக்னலில் நிற்கும்போது மழைக்கு எதிராக அது என்ன செய்யும் என்று கேட்பது அறிவியலை அவமதிப்பது. ஆனாலும் இங்கிலாந்தின் அந்த மேதைகள் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. ஆராய்ச்சியை மேலும் தொடர்ந்து, முன்னால் ஒரு கண்ணாடியை நிலையாகப் பொருத்திய எல்வாவையும் பின்னர் வெளியிட்டார்கள். காற்றையும் பூச்சியையும் ஒரே தகட்டால் தடுக்கலாம் என்னும் உண்மையை அவர்கள் தம் சொந்த முயற்சியால் எட்டிவிட்டார்கள். இதே ஊக்கத்தோடு உழைத்தால், அந்தக் கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து பின்னால் வரை ஒரு தகட்டை நீட்டி மூடிவிடலாம் என்பதையும் அவர்கள் ஒருநாள் கண்டுபிடித்தே தீருவார்கள். அதற்கான முன்பணத்தைச் செலுத்த இப்போதே வரிசை நிற்கும்.