சாலாக் செலாத்தானில் ஆத்தும ஆதாயம்: ஓர் எளிய கையேடு

முதலில் சட்டத்தைப் படித்துவிடுங்கள். உங்கள் வைராக்கியம் யார் மேல் பாய வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்துவிடும். மலேசிய அரசியலமைப்பின் 11ஆவது விதி, தன் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. அதே விதியின் 4ஆம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயம் பரப்புவதைச் சட்டம் போட்டுத் தடுக்கலாம் என்கிறது. பக்கத்துச் சிலாங்கூரில் 1988இலேயே அப்படி ஒரு சட்டம் வந்தாயிற்று. 2014 ஜனவரியில் பெட்டாலிங் ஜெயா வேதாகமச் சங்க அலுவலகத்திலிருந்து மாநிலச் சமய இலாகா 300க்கும் மேற்பட்ட மலாய், இபான் வேதாகமங்களை அள்ளிக்கொண்டு போனது நினைவிருக்கும். ஆகவே மேல்மாடி மலாய்ப் பாக்சிக்கிடம் வாய் திறக்கக் கூடாது. தமிழ் பேசுகிறாரே என்று மாமாக் கடைக்காரரிடமும் ஆரம்பித்துவிடாதீர்கள். அவரும் 4ஆம் உட்பிரிவுக்குள்தான் வருகிறார். சீனரிடம் பேச நமக்குச் சீனம் வராது. மிச்சம் எதிர்வீட்டு அக்காதான். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதற்குமான உங்கள் ஆத்தும பாரத்தை அவர் ஒருவர் தலையில் இறக்கிவையுங்கள்.

பேச்சை எப்படித் தொடங்குவது? "இரட்சிக்கப்பட்டீங்களா?" என்று கேளுங்கள். எதிலிருந்து என்று அவர் திருப்பிக் கேட்டால், கேட்காததுபோல் ஸ்தோத்திரம் சொல்லி அடுத்த வசனத்துக்குப் போய்விடலாம். முட்டிவலி என்று சொன்னால் கிளினிக்குக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போகிற எண்ணமெல்லாம் வேண்டாம். அவர் சாமி மேடையை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, வலிக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று சொல்லுங்கள். விடியற்காலை 5 மணிக்கு வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புவதைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

தீபாவளிதான் உண்மையான களம். அன்று அவர் தட்டு நிறைய முறுக்கும் நெய்யுருண்டையும் கொண்டுவருவார். வாங்கிவிடாதீர்கள். வாசலிலேயே நிறுத்தி, "படைச்சதா, படைக்காததா?" என்று விசாரியுங்கள். "உங்களுக்குன்னு மொதல்லயே தனியா எடுத்து வச்சிட்டேன் தங்கச்சி" என்பார். இத்தனை வருடமாக நமக்காக ஒருவர் தனிப் பாத்திரம் வைத்திருக்கிறாரே என்று மனம் இளகும். இளக விடக் கூடாது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 10ஆம் அதிகாரத்தில், அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் வைத்ததை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடச் சொல்கிறார். அது 27ஆம் வசனம். உங்களுக்கு வேண்டியது 28இல் இருக்கிறது. நேரே அங்கே தாவிவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கொடுக்கும் கேக்கை மட்டும் அவர் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். டப்பாவுக்குள் கைப்பிரதி ஒன்று மறக்காமல் வையுங்கள்.

எக்காரணம் கொண்டும் அவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்காதீர்கள். ஏன் விரதம் இருக்கிறார், பத்துமலைக்கு எந்த வேண்டுதலுக்காகப் பால்குடம் எடுத்தார் என்றெல்லாம் தெரிந்துகொண்டால் கைப்பிரதியை நீட்டக் கை வராது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்குவுக்கு இந்த எச்சரிக்கையைச் சொல்ல ஆளில்லை. மனிதர் சிறுபிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் படித்தார். இந்துக்களுக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டு, வந்த பதில்களை ஜெர்மனில் பெயர்த்து ஊருக்கு அனுப்பினார். 1713இல் தமிழர் தெய்வங்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதி முடித்தார். ஹாலே நகரத்து மிஷன் மேலிடம் அதை அச்சிடவில்லை. 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. பிரிக்பீல்ட்ஸ் சீயோன் பேராலயத்துத் தமிழ் லுத்தரன்களின் வேர் அந்தத் தரங்கம்பாடியில்தான் இருக்கிறது. இருந்தாலும் நீங்கள் ஹாலே மேலிடத்தின் பக்கமே நில்லுங்கள். அதுதான் சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக உழைக்கத் தேவையில்லை. கடைவீட்டு மேல்மாடியில் நம் சபை. கீழே ரோட்டில் இரண்டு வரிசையாக நம் கார்கள். கார் எடுக்க முடியாமல் ஹாரன் அடிக்கிற மனிதருக்கு, மேலே அன்பைப் பற்றி டிரம்ஸோடு பாடுவது தெளிவாகவே கேட்கும்.

இவ்வளவையும் மீறி எதிர்வீட்டு அக்காவின் மகள் தானாகவே சபைக்கு வந்து, ஞானஸ்நானமும் எடுத்து, உங்கள் மகனைக் கட்டிக்கொள்ள விரும்பினால் பதறாதீர்கள். சபையில் எழுந்து நின்று ஒரு ஆத்துமா ஆதாயமானது என்று சாட்சி சொல்லுங்கள். கைதட்டல் ஓய்ந்ததும் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, "அவங்க ஊர்ல என்ன ஆளுங்களாம்?" என்று மெதுவாக விசாரியுங்கள். இந்தக் கேள்வி எப்படியும் எதிர்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதன் பிறகு அந்தக் குடும்பத்திலிருந்து இன்னொருவர் உங்கள் சபைப் படியேற மாட்டார்.