ஆக்கிரமிப்புக் கற்களை அகற்றியமைக்குப் பாராட்டு

பெருமதிப்பிற்குரிய மலைப்பாதைத் திட்ட அலுவலகத்தாருக்கு,

பழனி மலைத்தொடரில் மலையேற்றப் பாதை போடும் தங்கள் பணிக்குறிப்பில், ‘இடையூறான கற்பலகைகள் அகற்றப்பட்டு இருக்கைகளாக அமைக்கப்பட்டன’ என்ற வரியைப் படித்து மெய்சிலிர்த்தோம். பட்டா, சிட்டா எதுவுமின்றி ஈராயிரம் ஆண்டாகப் புறம்போக்கில் கல்திட்டை என்னும் ஈமக் கற்கூட்டில் குடியிருந்தவர்களை இவ்வளவு சுருக்காகக் காலி செய்ய வேறு யாரால் முடியும்? நோட்டீஸ் கொடுக்கவில்லை என்று குறை சொல்ல மாட்டோம். கையெழுத்துப் போட்டு வாங்க அங்கே ஆளில்லை.

அங்கே ஏதும் இருப்பது தெரியாது என்கிறீர்கள். ஆங்லேட், நியூட்டன் என்ற இரு பாதிரியார்கள் இந்த மலைக் கல்திட்டைகளைப் பற்றி எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928லேயே அச்சிட்டுவிட்டது. அதைப் புரட்டாவிட்டாலும் போகட்டும், யோசித்திருக்கலாம். நல்ல பாதைக்குத் தாங்கள் தேடுவது நீர் தேங்காத மேடு, சமமான பாறை, பள்ளத்தாக்கு தெரியும் முனை. கல்திட்டை எழுப்பியவர்களும் பல இடங்களில் இதையேதான் தேடினார்கள். ஆக, ஆக்கிரமிப்பாளர்கள் தங்கள் வழியில் குறுக்கிட்டது தற்செயல் அல்ல. முன்கூட்டியே ஆய்வு செய்ய அதுவே முதல் காரணம்.

மூன்றடிப் பாதைக்கு ஆய்வு எதற்கு என்பீர்கள். படிக்கட்டுக்கும் வடிகாலுக்கும் கல் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பது கல்திட்டையைச் சுற்றிய கல்வட்டத்துக் கல். பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இல்லையே என்பீர்கள். 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தம் தரும் 100 மீட்டர் கட்டுமானத் தடை பட்டியலில் ஏறியவற்றுக்கு மட்டுமே. யாரும் போய்ப் பார்க்காதது பட்டியலில் எப்படி ஏறும்? இடத்தைச் சொன்னால் புதையல் திருடர் வருவார்கள் என்பது நியாயமான அச்சம். அதற்கு வழி, இடத்தை வெளியிடாமல் பாதையை ஒதுக்குவது. திருடருக்கு முன்னே நாமே பெயர்த்துவிடுவது அல்ல. பெயர்த்த பலகையைத் திரும்ப நட்டாலும் எது எந்தத் திசை பார்த்து நின்றது, அடியில் எந்தப் பானையோடு யாரைப் புதைத்தார்கள் என்பது திரும்பாது. அதன்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளச் சொல்ல உங்களுக்குக் கூசவில்லையா?

மன்னிக்கவும், தங்கள் அழகுணர்ச்சியைக் குறை சொல்லவில்லை. முளைக்குச்சி அடிக்கும் முன் தொல்லியல் அறிந்த இருவரை உள்ளூர்க்காரர் ஒருவரோடு அந்த வழியே நடக்கவிடுங்கள். கல்திட்டை கண்ணுக்குத் தெரிவது. கண்டுபிடிக்க மண்வெட்டிகூட வேண்டாம். வரைபடத்தில் பாதையை வளைக்க ஒரு பென்சில் போதும்; வெட்டிய பின் வளைக்க எந்த நிதியாண்டின் ஒதுக்கீடும் போதாது.

இப்படிக்கு,
பட்டாவுள்ள குடிமக்கள் சார்பில் ஒருவர்