கொழும்புக்கு ஐஸ் வந்த கதை

நீருக்குத் திண்மம், திரவம், வாயு என்று மூன்று வேஷம். கொழும்பு அதில் இரண்டைத்தான் ஓசியில் கொடுத்தது. ஆவி வேண்டுமா, ஏப்ரலில் கொட்டாஞ்சேனையில் நின்று மூச்சை இழுத்தால் போதும். திரவம் வேண்டுமா, வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டினால் ஒரு சமுத்திரமே கிடக்கிறது. திண்மத்துக்குத்தான் வழியில்லை. போத்துக்கேயரும் ஒல்லாந்தரும் இந்தப் புழுக்கத்தில் சூடேறிய சாராயத்தைக் குடித்தே முந்நூறு வருடத்தை ஓட்டினார்கள், பாவம்.

அந்தப் பக்கம் பொஸ்டனில் பிரெடரிக் டியூடர் என்றொரு மனிதர் குளத்து ஐஸை வெட்டி வெப்ப நாடுகளுக்கு விற்கப் புறப்பட்டார். 1806இல் முதல் கப்பல் மார்ட்டினிக் தீவுக்குப் போனது. ஊர் சிரித்தது. பிறகு கடனுக்காகச் சிறைக்கும் போய் வந்தார். ஆனால் தண்ணீர் அவர் பக்கம் இருந்தது. 4 பாகையில்தான் அதற்கு அடர்த்தி அதிகம். உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பருத்து மேலே மிதக்கும். அதனால் குளத்தின் மேல் குதிரையை நடத்தி, உழுவதுபோல் ஐஸைக் கீறி எடுத்தார்கள். மற்றப் பல திரவங்கள் மாதிரி கட்டி அடியில் போயிருந்தால், டியூடர் மன்னாரிலிருந்து முத்துக்குளிக்கிறவர்களை அழைத்திருக்க வேண்டும்.

1833இல் ‘டஸ்கனி’ கப்பல் 180 தொன் ஐஸோடு கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நாலு மாதப் பயணம், பூமத்திய ரேகையை இரண்டு தரம் கடந்தாயிற்று, அப்படியும் 100 தொன் கரை சேர்ந்தது. ஐஸைச் சுற்றி அடைத்த மரத்தூளுக்குள் அகப்பட்ட காற்று வெப்பத்தை உள்ளே விடாது. உள்ளே வந்த வெப்பத்துக்கும் சும்மா வேலை நடக்காது: ஒரு கிராம் ஐஸை உருக்க மட்டும் 80 கலோரி, அதே வெப்பம் உருகிய நீரை 80 பாகைவரை சூடாக்கும். இப்படி வந்த ஐஸை வைக்கச் சென்னைக் கடற்கரையிலும் ஓர் ஐஸ் ஹவுஸ் எழுந்தது.

பிறகு யந்திரம் வந்தது. பிரெஞ்சுக்காரர் ஃபெர்டினான்ட் காரே அமோனியாக் கரைசலை நெருப்பில் சூடாக்கி ஐஸ் செய்தார். ஐஸுக்கு அடுப்பு மூட்டிய புண்ணியவான்! கொழும்பில் 1866இல் கொழும்பு ஐஸ் கொம்பனி பிறந்தது. இன்றைய எலிபன்ட் ஹவுஸின் பூட்டன் அது. பொஸ்டன் வியாபாரம் உருகிப் போனது. 1897 ஜனவரியில் கொழும்பில் இறங்கிய விவேகானந்தர் அடுத்த மாதம் சென்னை ஐஸ் ஹவுஸில் தங்கியபோது, அங்கே ஐஸ் தவிர எல்லாம் இருந்தது.

இதற்கெல்லாம் முன்பே நீரை வைத்து ஒரு பிரெஞ்சு வம்பு. நீர் மூலகமல்ல, ஐதரசனும் ஒட்சிசனும் கூடிய சேர்வை என்று 1783இல் லவோசியே அறிவித்தார். 1794இல் அவருடைய தலையை வெட்டினார்கள். பஞ்சபூதத்தில் கை வைத்ததற்காக அல்ல; வரி வசூலித்ததற்காக.

இப்போது காலி வீதியில் ஒரு பலூடா வாங்கிப் பாருங்கள். ரோஸ் பாணி நீரில் கரைந்திருக்கிறதே, அது ஏகவினக் கலவை. கசகசா மிதக்கிறதே, பல்லினம். பாலை எதில் சேர்ப்பது என்று வாத்தியாரே தலையைச் சொறிவார். சந்தேகமில்லாத சேர்வை ஐஸ் கட்டிதான். கடைக்காரர் அதை மட்டும் தாராளமாகப் போடுவார்.