அங்கே இப்ப மணி என்ன தெரியுமா?

பிள்ளையை ஒரு வருஷம் வெளிநாட்டுப் பள்ளியில் படிக்க அனுப்பிவைத்த அப்பாவிடம் மறந்தும் மணி கேட்டுவிடக் கூடாது. "இங்கேயா, அங்கேயா?" என்பார். இங்கேதான் என்று நீங்கள் சொன்னாலும் பயனில்லை. அங்கத்திய மணிதான் அவருக்கு முதலில் வரும். அதிலிருந்து கூட்டித்தான் சென்னைக்கு வந்து சேர வேண்டும். அதற்குள் உங்கள் பஸ் போய்விடும்.

யாரையும் குறிவைத்து இதை எழுதவில்லை. இப்படிப்பட்டவர்கள் எல்லாக் குடியிருப்பிலும் இருக்கிறார்கள், மாடி மட்டும்தான் மாறும். எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடி, லிஃப்டை ஒட்டிய வீடு.

மகள் ஜெர்மனியில் பதினொன்றாம் வகுப்பு. அங்கே ஒரு குடும்பம் அவளைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக வைத்துக்கொண்டு சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறது. கூலி கிடையாது. இந்த ஏற்பாட்டை 1947-ல் மாணவர்களுக்காகத் தொடங்கிய ஏ.எஃப்.எஸ். அமைப்பு, முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தொண்டர்களிடமிருந்து பிறந்தது என்ற வரலாற்றை, லிஃப்ட் தரைத்தளத்திலிருந்து இரண்டாம் மாடி போவதற்குள் சொல்லி முடித்துவிடுவார். அந்த ஊர்க் குளிர் எத்தனை டிகிரி, அந்த வீட்டு நாய்க்கு என்ன வயசு என்பதும் எங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மணி.

அவர் வீட்டு ஹாலில் இரண்டு கடிகாரங்கள். ஒன்றின் கீழே 'இந்தியா', மற்றதன் கீழே 'ஜெர்மனி' என்று கம்ப்யூட்டரில் அச்சடித்து ஒட்டியிருக்கிறார். இந்தியா நின்றுபோனால் ஒரு வாரம்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஜெர்மனிக்கான மாற்று பேட்டரி பூஜை அறையில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு சங்கக் கூட்டம். தண்ணீர் லாரிக்கு யார் பணம் தருவது என்று அடிதடி நடக்காத குறை. நடுவில் எழுந்து, "அங்கே இப்ப மத்தியானம் ரெண்டரை. பாப்பா ஸ்கூல் விட்டு வந்திருப்பா" என்பார். சண்டை அப்படியே நின்றுபோகும், அது சமாதானம் அல்ல, சலிப்பு. காலை ஐந்தரைக்குப் பால் போட வரும் பையனிடம் ஒருநாள் அவர் சொன்னதை என் காதால் கேட்டேன்: "மெதுவா கதவைச் சாத்துப்பா, பாப்பா தூங்கறா. அங்கே ராத்திரி ஒரு மணி."

இப்படி இருந்த மனிதருக்கு மகளின் பதினாறாவது பிறந்தநாள் வந்தது. 2025, மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை.

பாப்பா முன்கூட்டியே ஒரு நிபந்தனை அனுப்பியிருந்தாள். ஜெர்மானியர்களிடம் பிறந்தநாளுக்கு முன்னால் வாழ்த்துச் சொன்னால் ஆகாது. பிறந்தநாள் பிறந்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும். முந்தின இரவு நண்பர்கள் கூடிக் காத்திருந்து, சரியாகப் பன்னிரண்டு அடித்ததும் வாழ்த்துவது அங்கே வழக்கம். ஆகவே இந்திய நேரப்படி யாரும் அவசரப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தாள்.

வேறு அப்பாவாக இருந்தால் சரி என்று விட்டிருப்பார். நம்மவருக்கோ வாழ்நாளில் முதல்முறையாக அவருடைய கணக்கு ஒரு சாஸ்திரத்துக்கே தேவைப்பட்டிருக்கிறது. நமக்கு நள்ளிரவு பன்னிரண்டு ஆகும்போது அங்கே சனிக்கிழமை மாலை ஏழரைதான். அப்போது வாழ்த்தினால் அபசகுனம். பாப்பாவின் அத்தைக்கு இது எட்டவில்லை. பன்னிரண்டு அடித்ததும் அவர் பாட்டே பாடி அனுப்பிவிட்டார். அந்த வீட்டு அம்மாள் பதறிப்போய் மர மேஜையைத் தட்டித் தோஷம் கழித்தாராம். அத்தையோடு இவருக்கு இன்னும் பேச்சுவார்த்தை சரியில்லை.

அங்கே நள்ளிரவு என்றால் இங்கே அதிகாலை நாலரை.

எல்லாம் முறைப்படி நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் முந்தின நாளே அறிவிப்பு வந்தது. 'அனைவரும் 4.20-க்கு மொட்டை மாடியில் கூடவும். சிற்றுண்டி உண்டு.' விளையாட்டாக எழுதியிருக்கிறார் என்று நினைத்துத் தூங்கினோம். நாலே காலுக்கு காலிங் பெல் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, ஐயா! வாரத்தில் ஆறு நாள் அலாரத்துக்கு எழுகிறவன் ஏழாம் நாளும் எழுந்து, லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாடி ஏறினேன். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஸ்வெட்டரில் வந்திருந்தார். வாட்ச்மேன் கையில் பலூன். உற்சாகமாக இருந்தவர் மூன்றாவது மாடித் தெலுங்கு அம்மாள் ஒருவர்தான். அன்று யுகாதி, எப்படியும் அவர் எழுந்து பச்சடிக்கு வேப்பம்பூ ஆய்ந்தாக வேண்டும்.

போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நம்மவர் எண்ணினார்: "இன்னும் அம்பது செகண்ட்... நாப்பது..." ராக்கெட் விடுகிற இடத்தில்கூட இவ்வளவு பதற்றம் இருக்காது. நாலரை. பாடினோம். திரையில் பாப்பா தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள், மெழுகுவர்த்தி ஏற்றிய கேக், எங்களைப் பார்த்துக் கையசைக்கும் ஒரு நடுவயதுத் தம்பதி. பாப்பா சிரித்தாள், "தேங்க்ஸ் அங்கிள், தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். இதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் வந்திருக்காது.

அவர் விடவில்லை. "இரும்மா, இவங்க பி பிளாக், புதுசா வந்திருக்காங்க" என்று ஒவ்வொருவராக அறிமுகம் செய்யத் தொடங்கினார். வாட்ச்மேனும் வாழ்த்தினார். பாப்பா அவர்கள் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். பின்னால் மெழுகுவர்த்தி உருகிக்கொண்டிருந்தது. ஒரு பையன் கொட்டாவி விட்டான். கையசைத்த தம்பதி கையை இறக்கிவிட்டு நின்றார்கள். பாஷை தெரியாத ஊரில் எட்டு மாசத்தில் அந்தப் பெண் தானாகத் தேடிக்கொண்ட சிநேகிதங்கள் அவர்கள். அவளுக்காகத் தூக்கம் விழித்துக் காத்திருந்தார்கள். அவர்களோடு அவள் இருக்க வேண்டிய முக்கால் மணி நேரத்தை, முகம் தெரியாத பி பிளாக்குக்குக் கொடுக்கவைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல வரவில்லை. பிறந்தநாள் அவளுடையது, அப்பாவின் கடிகாரத்துடையது அல்ல.

நடுவே மேலாளர் கொளுத்திப் போட்டார். ஜெர்மனியில் பதினாறு வயதானால் பீரும் ஒயினும் வாங்கிக் குடிக்கச் சட்டம் அனுமதிக்கிறதே, தெரியுமா என்றார். சட்டம் அப்படித்தான். நம்மவர் முகம் வெளுத்தது. கை தானாக மணிக்கட்டுக்குப் போனது. "அங்கே இப்ப பன்னெண்டே முக்கால் சார். கடை மூடியிருக்கும்ல?" பாப்பா தன் கண்ணாடி டம்ளரைத் திரைக்கு முன்னால் ஆட்டிக் காட்டினாள். சோடா கலந்த ஆப்பிள் ஜூஸ்.

கேசரியும் காபியும் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தோம். நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது, காலை ஆறரைக்கு, ஜெர்மனியில் மணி இரண்டிலிருந்து நேராக மூன்றுக்குத் தாவியது. மார்ச் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். நாலரை மணி வித்தியாசம் அன்றிலிருந்து மூன்றரை. உலகத்தில் யாருக்குத் தெரியாமல் போனாலும் இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே மாலை மூன்று மணிக்குக் காபியும் கேக்கும் வைத்து வீட்டு விருந்து. சுவரில் இருந்த ஜெர்மனியை நம்பி, இங்கே ஏழரைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போன் போட்டார். விருந்து முடிந்து, தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அன்று இரவு லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். "இந்த வேலையை 1916-ல முதல்ல ஆரம்பிச்சதே ஜெர்மனிக்காரன்தான் சார். இதை ஒழிக்கணும்னு 2019-லேயே ஐரோப்பிய பார்லிமென்ட்ல ஓட்டுப் போட்டாச்சு. இன்னும் ஒழிக்கலை. எல்லாரும் இருபத்து நாலு மணி நேரம் பிறந்தநாள் கொண்டாடறான். என் பொண்ணுக்கு இருபத்து மூணுதான்!"

அக்டோபர் கடைசி ஞாயிறன்று அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பித் தந்துவிடுவார்களே என்று ஆறுதல் சொன்னேன். தப்பாகப் போயிற்று. "பாப்பா ஜூலைலேயே திரும்பிடறா சார். அது வேற யாருக்கோ போகும்" என்றார். குரல் உண்மையிலேயே தழுதழுத்தது.

மறுநாள் பாப்பா தானே கேக் சுட்டு வகுப்புக்கு எடுத்துப்போனாள். அங்கே பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குத் தர வேண்டும். அதற்கும் புலம்பினார். இங்கே மட்டும் என்ன, கலர் டிரெஸ் போட்டுக்கொண்டு வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுத்தவள்தானே? அடுத்த சனிக்கிழமை அந்த வீட்டுக்காரர் அவளைக் காரில் ஹம் நகருக்கு அழைத்துப் போய், ஈழத் தமிழர்கள் எழுப்பி 2002-ல் குடமுழுக்கு செய்த காமாட்சி அம்மன் கோவிலில் அர்ச்சனை செய்யவைத்தார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாத மனிதர். அவரிடம் இவர் போனில் கேட்டது, நடை சாத்தும்போது இங்கே எத்தனை மணி என்பதுதான்.

என் மனைவி வழியாக ஒன்று தெரியவந்தது. அங்கே பாப்பா படுத்துவிட்டாள் என்று ஆகும்வரை இவர் இங்கே படுப்பதில்லையாம். குளிர்காலம் முழுக்க இரவு இரண்டரைவரை ஹாலில் உட்கார்ந்திருந்தாராம். போன் செய்ய மாட்டார், அவளுக்குத் தொந்தரவு என்று. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். கேட்டபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அதற்காக என் காலிங் பெல்லை அவர் அடித்தது சரி என்று ஆகிவிடாது.

இப்போது இளைய மகளும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். தேர்வு செய்யும் பெரியவர்களுக்கு இக்குடியிருப்புவாசியின் பணிவான விண்ணப்பம்: குழந்தை கெட்டிக்காரி, கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அனுப்புங்கள். நியூயார்க்கில் நள்ளிரவு என்றால் இங்கே காலை ஒன்பதரை, குளிர்காலமானால் பத்தரை. குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து, எத்தனை தடவை வேண்டுமானாலும் பாடுகிறோம்.