ஒரே மெட்டு, பல குரல்

பேரையூர் வாசகி: எங்கள் முளைப்பாரிக் கும்மியில் ஒருவர் எடுத்துக்கொடுக்க, எல்லாரும் அதே மெட்டில் பாடுவோம். இங்கிலாந்துக் கிராமத்தில் ஆளுக்கொரு சுரத்தில் பாடுவார்களாமே, அங்கே ஒற்றுமை கிடையாதோ?

அங்கேயும் நாட்டுப்பாட்டைப் பெரும்பாலும் ஒருவர் தனியாகத்தான் பாடினார், அதுவும் பக்கவாத்தியம் இல்லாமல்! சசெக்ஸில் ராட்டிங்டீன் ஊர்க் காப்பர் குடும்பம் விதிவிலக்கு. ஒருவர் மெட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கீழ்க்குரலில் தன் வழியே போவார், முடிவில் சேர்ந்துகொள்வார்கள். அண்ணன் தம்பி பிரிந்து பிரிந்து சேர்வது எந்த ஊரில் சுலபம்? 1898இல் கேட் லீ அம்மையார் வந்து ஜேம்ஸ், தாமஸ் சகோதரர்களின் பாட்டுகளை எழுதிக்கொண்டு போனார். அந்த ஆண்டே பிறந்த நாட்டுப்பாடல் சங்கம் இருவரையும் கௌரவ உறுப்பினராக்கியது.

அதே வாசகி: நம் மெட்டுக்குப் பல குரல் ஒத்துவருமா?

பண்ணைப்புரத்து இளையராஜா செய்து காட்டிவிட்டாரே! தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர். 1976இல் ‘அன்னக்கிளி’யில் கிராமத்து மெட்டோடு வந்தார்; பிறகு அப்படிப்பட்ட மெட்டுகளுக்கு அடியில் வேறு மெட்டுகளை ஓடவிட்டார்.

உங்கள் குலவைக்கு மாஸ்டரே வேண்டாம்: ஆளுக்கொரு சுருதி, மொத்தமும் ஒரே முழக்கம். முளைப்பாரிக்கு ஸ்பீக்கர் கட்டினாலும் அதை விட்டுவிடாதீர்கள், அம்மா. ஸ்பீக்கருக்குக் குலவை போடத் தெரியாது.