படத்துல தெரியாது

பழைய லென்ஸ் விற்கிறவர்களுக்கென்று ஒரு வாக்கியம் இருக்கிறது. "முன் கண்ணாடியில கீறல் இருக்கே" என்றால், "படத்துல தெரியாது சார்" என்பார்கள். "உள்ளே ஃபங்கஸ் கொடி விட்டிருக்கே" என்றால், "இருந்துட்டுப் போகட்டும் சார், படத்துல தெரியாது." அபர்ச்சர் பிளேடில் எண்ணெய் மினுமினுக்கிறதே என்றால், "ஆயில் இருந்தாத்தான் சார் ஃப்ரீயா ஓடும். படத்துல தெரியாது." பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே லென்ஸையே காணோம் என்று போன் செய்தாலும் இதே பதில்தான் வரும் என்று நம்புகிறேன்.

அம்மாவிடமும் இதே வாக்கியம் இருக்கிறது. ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், இரண்டு லென்ஸ்களில் எடுத்த இரண்டு பிரிண்ட்டுகளை அவர் முன்னால் வைத்தேன். ஒன்றில் பின்னணி எப்படிக் கரைந்திருக்கிறது, மற்றதில் நிழலுக்குள் எவ்வளவு விவரம் நிற்கிறது என்றெல்லாம் விளக்கினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் பொறுமையாகப் பார்த்தார். "ரெண்டுலயும் உங்க சித்தி கண்ணை மூடிட்டுத்தானேடா இருக்கா? வேற என்ன வித்தியாசம்? எனக்கு ஒண்ணும் படத்துல தெரியல" என்றார்.

விற்கிறவர் குறை தெரியாது என்கிறார். அம்மா நிறை தெரியாது என்கிறார். இந்த இருவருக்கும் நடுவில்தான் ஃபிலிம் எஸ்.எல்.ஆர். காமிராக்களுக்கு லென்ஸ் சேர்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

விற்கிறவர் சொல்வது முழுப் பொய் அல்ல என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். எதிரே இருக்கும் பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி முன் கண்ணாடியில் பரவலாக விழுந்துதான் உள்ளே போகிறது. அதனால் அங்கிருக்கும் மெல்லிய கீறல் படத்தில் கோடாக விழாது, தூசி புள்ளியாக விழாது. பின் கண்ணாடி வேறு விஷயம். அது ஃபிலிமுக்குப் பக்கத்தில் இருப்பது. அங்கே கீறல் இருந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடலாம். ஃபங்கஸ் ஆரம்பத்தில் சாதுவாகத்தான் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே காமிராவைத் திருப்பும்போதுதான் படம் வெளுத்துப்போய் அதன் குணம் தெரியும். நாளாக ஆகக் கண்ணாடிமேல் இருக்கும் கோட்டிங்கை அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தடம் போகாது.

சென்னைக் காற்றின் ஈரம் ஃபங்கஸுக்கு மிகவும் உகந்தது. எனவே என் லென்ஸ்கள் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கின்றன. அந்த டப்பா முறுக்கு வைப்பதற்காக வாங்கியது. முறுக்கு இப்போது தட்டில் மூடிவைக்கப்பட்டு, இரண்டே நாளில் நமத்துப்போகிறது. லென்ஸ்கள் மொறுமொறுவென்று இருக்கின்றன.

குறையையே பெருமையாக்கிக்கொண்ட லென்ஸ் என்றால் ஹீலியோஸ் 44-2. 58 மி.மீ., எஃப் 2. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜெர்மனியில் கார்ல் ஸைஸ் செய்த பயோட்டாரை ஒட்டி சோவியத்தில் செய்தது. ஜெனித் காமிராக்களோடு லட்சக்கணக்கில் உலகமெங்கும் போனது. அபர்ச்சரை முழுக்கத் திறந்து, அடர்ந்த மரத்துக்கு முன்னால் ஒருவரை நிறுத்தி எடுத்தால், இலை இடுக்குகளில் வரும் ஒளிப்பொட்டுகள் அவர் தலையைச் சுற்றிச் சுழலும். படத்தின் ஓரங்களுக்குப் போகும் ஒளியில் ஒரு பகுதியை லென்ஸின் குழாயே மறைத்துவிடுகிறது. அதனால் வட்டமாக விழவேண்டிய பொட்டுகள் நசுங்கி, நடுவைச் சுற்றி வரிசை கட்டிக்கொள்கின்றன. ஒரு காலத்தில் இது குறை. இன்றைக்கு இதற்காகத்தான் அந்த லென்ஸையே வாங்குகிறார்கள். என் மாமாவை அதில் எடுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தவர், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "ஏற்கெனவே எனக்குத் தலைசுத்தலுக்கு மாத்திரை ஓடிட்டிருக்குடா" என்றார்.

44-2-இல் இரண்டு வளையங்கள் உண்டு. ஒன்றில் அபர்ச்சர் எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். மற்றதைத் திருகி முழுக்கத் திறந்து, ஃபோகஸ் பார்த்து, மறுபடி அந்த எண் வரைக்கும் திருகி மூடிவிட்டுத்தான் கிளிக் செய்ய வேண்டும். கல்யாண வீட்டில் "எல்லாரும் சிரிங்க" என்று சொல்லிவிட்டு இதைச் செய்து முடித்தேன். சிரித்தவர்கள் முதல் பந்தியில் ரசம் வரைக்கும் வந்திருந்தார்கள்.

அடுத்தது பெண்டாக்ஸின் சூப்பர் டக்குமார் 50 மி.மீ., எஃப் 1.4. 1964-இல் வந்த முதல் வடிவத்தில் எட்டுக் கண்ணாடிகள். பிறகு ஏழாக்கி, அதில் தோரியம் கலந்த கண்ணாடியைச் சேர்த்தார்கள். தோரியம் சேர்ந்தால் கண்ணாடி ஒளியை நன்றாக வளைக்கும், ஆனால் நிறங்களை அதிகம் பிரித்துச் சிதறவிடாது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிறதே, அதே தோரியம். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் கைபட்டு உதிர்ந்ததே, அந்த மாதிரி விளக்கு மேன்டில்களில் சேர்த்ததும் இதையேதான். லென்ஸின் வாரண்டி என்றைக்கோ முடிந்துவிட்டது. உள்ளே இருக்கும் தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1400 கோடி ஆண்டுகள். காமிராவில் மாட்டிப் படமெடுப்பதால் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்காமல் இருந்தால் போதும்.

கதிர்வீச்சின் வேலை வேறு இடத்தில் தெரியும். பல ஆண்டுகளில் அந்தக் கண்ணாடி தானே மஞ்சளாகிவிடுகிறது. கறுப்பு வெள்ளை ரோல் போட்டால் லாபம், மஞ்சள் ஃபில்டர் இலவசம். கலர் ரோல் போட்டு, லேப்காரரும் கவனிக்காமல் விட்டுவிட்டால் குடும்பமே மஞ்சள் காமாலையோடு நிற்கும். இதற்கு வைத்தியம் வெயில். புற ஊதாக் கதிர் படப்பட மஞ்சள் தெளியும். குளிர் நாடுகளில் இதற்கென்று புற ஊதா விளக்கு வாங்கி, அதனடியில் லென்ஸை வைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நமக்குச் சித்திரை மாதம் இருக்கிறது.

அலுமினியத் தாளை விரித்து மொட்டை மாடியில் டக்குமாரை வைத்தேன். லென்ஸ் வழியே குவியும் வெயில் துணியில் விழுந்தால் பற்றிக்கொள்ளும் என்பதால் பக்கத்திலேயே குடையோடு உட்கார வேண்டியிருந்தது. மாடியின் மறுபாதியில் அம்மா வேட்டி விரித்து வடகம் பிழிந்து முடித்திருந்தார். என்னைப் பார்த்தார், லென்ஸைப் பார்த்தார். "எப்படியும் இங்கதானே உக்காந்திருக்கப் போற? காக்கா வராமப் பாத்துக்க" என்று கையில் ஒரு குச்சியைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப்போனார். மஞ்சள் தெளிய நாளாயிற்று. வடகம் அதற்கு முன்பே நன்றாகத் தேறி டப்பாவுக்குப் போய்விட்டது. "போன வருஷத்தைவிட இந்த வருஷம் சேதாரம் கம்மி" என்று அக்கம்பக்கத்தில் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். லென்ஸால் எங்கள் வீட்டுக்கு ஒரு நன்மை உண்டென்று அவர் ஒப்புக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது நிக்கார் 105 மி.மீ., எஃப் 2.5. 1984-இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி அந்த ஆப்கன் சிறுமியைப் படமெடுத்தது இந்த லென்ஸில். 1985 ஜூனில் 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' அட்டையில் வந்தது. அதன் பிறகு இந்த லென்ஸை வாங்குகிற எவரும் வாங்கிய மறுநிமிடம் பச்சைக் கண்ணைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். மெக்கரி போட்ட கோடாக்ரோம் ஃபிலிமின் தயாரிப்பு 2009-இல் நின்றுவிட்டது. பச்சைக் கண்ணுக்கு எங்கள் தெருவில் ஒரு பூனைதான் அகப்பட்டது. ஃபோகஸ் வைப்பதற்குள் மதிலைத் தாண்டிவிட்டது. மதில் மிகக் கூர்மையாக விழுந்திருக்கிறது, செங்கல் செங்கலாக எண்ணலாம்.

ஆனாலும் முகம் எடுக்க 105-க்கு நிகராக இன்னொன்றை நான் பார்த்ததில்லை. கிட்டே போய் 35-இல் எடுத்தால் மூக்கு முந்திக்கொண்டு வரும், காது பின்வாங்கும். 105-இல் ஏழெட்டு அடி தள்ளி நின்றே தலையும் தோளுமாகச் சட்டத்தை நிரப்பிவிடலாம். மூக்கும் காதும் அதனதன் இடத்தில் இருக்கும். சொந்தக்காரர்களைப் படமெடுக்க அந்தத் தூரம் இன்னொரு வகையிலும் சௌகரியம். "எப்பதான் சொந்த வீடு வாங்கப் போற?" என்ற கேள்வி காதில் அரைகுறையாகத்தான் விழும்.

எந்த லென்ஸ் எந்தக் காமிராவில் சேரும் என்பது கல்யாணப் பொருத்தம் பார்ப்பதுதான். ஒன்பது பொருந்தி ரஜ்ஜு தட்டினால் எப்படி எழுந்துவிடுவார்களோ, அப்படி இங்கேயும் ஒரு ரஜ்ஜு உண்டு. லென்ஸ் உட்காரும் மவுண்ட்டிலிருந்து ஃபிலிம் வரைக்கும் உள்ள தூரம். ஹீலியோஸும் டக்குமாரும் மரைபோட்ட எம்42 குலம், அவற்றுக்கு 45.46 மி.மீ. நிக்கானுக்கு 46.5. வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர்தானே என்று அடாப்டர் வாங்கி மாட்டினால், தொலைவில் இருக்கும் எதுவும் ஃபோகஸ் ஆகாது. மயிலாப்பூரில் கோபுரம் மங்கலாகவும், கோபுரத்தடியில் பூக்கட்டுகிறவர் தெளிவாகவும் வருவார். கலைநோக்கு என்று சமாளிக்கலாம், ரோல் முழுக்க அப்படியே இருந்தால் சமாளிக்க முடியாது. கேனான் ஈ.ஓ.எஸ். காமிராவுக்கு 44 மி.மீ. என்பதால், மெல்லிய அடாப்டர் ஒன்றோடு எம்42 குலத்தைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். ஊரான் பிள்ளைகளுக்கு இவ்வளவு இடம் கொடுத்த அந்த வீடு, 1987-இல் புது மவுண்ட் வந்தபோது தன் சொந்த எஃப்.டி. லென்ஸ்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

நிக்கான் அப்படிச் செய்யவில்லை. 1959-இல் வைத்த எஃப் மவுண்ட்டைத் தன் எஸ்.எல்.ஆர். காமிராக்களில் மாற்றவே இல்லை. அந்தப் பெருமையை நம்பி, புதுக்காலத்து லென்ஸைப் பழைய எஃப்எம்2 ஃபிலிம் காமிராவில் மாட்டினால் அழகாக உட்காரும். 'ஜி' வகையில் அபர்ச்சர் வளையம் கிடையாது என்பதால் எப்போதும் கடைசி எண் வரை மூடியே படமெடுக்கும். அதற்கும் பின்னால் வந்த 'ஈ' வகை மின்சாரத்தில் மூடுவது என்பதால் எப்போதும் முழுக்கத் திறந்தே எடுக்கும். ஒன்றுக்கு இருட்டு, மற்றதற்குக் கூச்சம் விட்ட வெளிச்சம். இரண்டையும் கலந்து ஒரு லென்ஸ் செய்தால் சரியாக இருக்கும்.

புதுசிலும் ஃபிலிம் காமிராவுக்கு மனப்பூர்வமாக ஒத்துழைக்கும் லென்ஸ்கள் உண்டு. ஜப்பானில் கொசினா செய்யும் வாய்க்லாண்டர் 40 மி.மீ. அல்ட்ரான், எஃப் 2, பழைய நிக்கானிலும் அபர்ச்சர் வளையத்தோடு வேலை செய்யும். சின்னது, கனமில்லை, பஸ்ஸில் மடியில் வைத்தால் பக்கத்தில் இருப்பவர் கவனிக்கமாட்டார். கேனானின் 1990-ஆம் வருஷத்து 50 மி.மீ., எஃப் 1.8 இரண்டாம் வடிவம் மவுண்ட் உட்பட பிளாஸ்டிக்தான். கையில் எடுத்தால் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று குலுக்கிப் பார்க்கத் தோன்றும். எஃப் 5.6-க்கு மூடிவிட்டால் தன் விலைக்குச் சம்பந்தமே இல்லாத படம் கொடுக்கும்.

இன்னொரு கோடியில் ஸைஸ் ஓட்டஸ் 55 மி.மீ., எஃப் 1.4. 2013-இல் வந்தது. பன்னிரண்டு கண்ணாடிகள், கிட்டத்தட்ட ஒரு கிலோ. எஃப்எம்2 காமிராவே 540 கிராம்தான். இரண்டையும் சேர்த்தால் காமிராவில் லென்ஸை மாட்டினோமா, லென்ஸில் காமிராவை மாட்டினோமா என்று சொல்ல முடியாது. அவ்வளவு விலை கொடுத்த பிறகு ஃபோகஸையும் கையால் நாமேதான் செய்ய வேண்டும். நண்பர் ஒருவர் இரவல் கொடுத்தார், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டும் இருந்தார். 400 ரோலில் எடுத்தேன். ஓட்டஸ் பிரித்துக் காட்டும் நுணுக்கத்தில் பெரும்பகுதியை ஃபிலிமின் கிரெயினே விழுங்கிவிட்டது. அம்மாவிடம் காட்டினேன். அவர் சொன்னது தெரிந்ததுதான். இந்த முறை அறிவியலும் அவர் பக்கம்.

ஓட்டஸ் எனக்கு ஒத்துவராமல் போனதற்குக் கிரெயினோ கனமோ காரணமில்லை. படம் சுழன்றால் ஹீலியோஸ் என்று சொல்லிவிடலாம். மஞ்சளடித்தால் தோரியம். வெளுத்தால் ஃபங்கஸ். கோபுரம் மங்கினால் அந்த ஒரு மில்லிமீட்டர். பழைய லென்ஸ் ஒவ்வொன்றும் என் பழியில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும் நல்ல மனசோடுதான் வருகிறது. ஓட்டஸில் எடுத்த படம் நன்றாக இல்லையென்றால், குற்றம் சாட்ட மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். அதற்கு இவ்வளவு பணம் கொடுப்பானேன்?

புதிதாக ஃபிலிமுக்கு வருகிற இளைஞர்கள் என்ன லென்ஸ் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன். காமிராவோடு வந்த 50 மி.மீ., எஃப் 1.8 போதும் தம்பி. நிக்கானோ, ஒலிம்பஸோ, கேனானோ, எந்தக் கம்பெனியானாலும் இந்த ஒன்றைச் சொதப்பியதில்லை. எஃப் 8-க்கு மூடிவிட்டு சின்னப் பிரிண்ட் போட்டால் இதற்கும் பத்து மடங்கு விலை லென்ஸுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எங்கம்மாவால் மட்டுமல்ல, என்னாலும் முடியாது. மிச்சப் பணத்துக்கு ரோல் வாங்கு, ஒரு வருஷம் எடு.

தம்பி பவ்யமாகத் தலையாட்டுவார். "கரெக்ட் சார். ஃபிஃப்ட்டி ஒண்ணே போதும்" என்பார். டீ வரும். குடித்து முடித்துவிட்டு, கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "போர்ட்ரெய்ட்டுக்கு மட்டும், சும்மா கேட்கிறேன் சார், 85 நல்லதா, 105 நல்லதா?" என்பார்.

உள்ளே வந்து உட்காரச் சொல்லி, 105 என்று விளக்க ஆரம்பிக்கிறேன்.